பன்றிக்குக் கட்டிய கம்பியில் சிக்குவது யார்?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் கார்த்திகை மாதத்தில், அரும்பாவூர் வட்டாரத்தில் இருட்டிய பிறகு வரப்பில் நடக்க ஒரு தைரியம் வேண்டும். பாம்புக்குப் பயந்தது போய், இப்போது கம்பிக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்த மின்சாரம், குச்சிக்குக் குச்சி கட்டிய கட்டுக்கம்பியில், ஓரடி உயரத்தில், சோளத் தோகைக்குள் மறைந்து ஓடுகிறது. காட்டுப்பன்றிக்காகக் கட்டியது அது. பன்றி சிக்கும் இரவும் உண்டு. மனிதர் சிக்கும் இரவும் உண்டு. மனிதர் சிக்கினால் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும்: 'மின்வேலியில் சிக்கித் தொழிலாளி பலி.'

அந்த நான்கு வரியில் இடம்பெறாதவற்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். இறந்தவர் யாருடைய வேலையாக அந்த நேரத்தில் அந்த வழியே போனார்? நிலம் யார் பெயரில் இருக்கிறது? பயிர் யாருடையது? கம்பியில் ஓடிய மின்சாரம் யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனால் பன்றியில் தொடங்கிய பேச்சு பட்டாவில் போய் நிற்கிறது.

முதலில் பயிர் செய்கிறவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். வேலி போட்டவரையெல்லாம் கொலைகாரர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பூலாம்பாடி, மலையாளப்பட்டி, விசுவக்குடி என்று பச்சைமலை அடிவாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் பன்றியிடம் பயிரைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மக்காச்சோளத்தில் பன்றி தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பது அதிகம். மரவள்ளியில் கிழங்கைத் தோண்டிப் போடும். கடலைக்காட்டை ஏர் ஓட்டியதுபோல் கிளறிவிடும். கரும்பில் அடித்தூரைக் கடித்துவிட்டு அதற்குள்ளேயே படுத்துக்கொள்ளும். தாய்ப்பன்றி சினைப்பட்டு நான்கு மாதத்துக்குள் குட்டி போட்டுவிடுகிறது. ஓர் ஈற்றுக்கு நான்கு, ஆறு குட்டிகள் என்பது சாதாரணம். பன்றியைத் தின்று குறைக்கும் புலி இந்த மலையில் இல்லை. வறண்ட ஏரிகளில் மண்டிய சீமைக்கருவேலம் அதற்குப் பகல் தங்குமிடம். மலையிலிருந்து இறங்கி வந்த பன்றி என்பது பழைய பேச்சாகிவிட்டது. இன்றைக்குப் பல கூட்டங்கள் சமவெளியிலேயே பிறந்து வளர்ந்தவை.

விரட்டும் வழிகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார்கள். முடிதிருத்தும் கடையிலிருந்து முடியை வாங்கி வந்து வரப்பில் தூவினார்கள். வேட்டுப் போட்டார்கள், தகரம் தட்டினார்கள். வேளாண் பல்கலைக்கழகம் தயாரித்த விரட்டி மருந்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் தொங்கவிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. சில நாள் பலன் இருக்கும். பிறகு பன்றி பழகிக்கொள்ளும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சேதி அல்ல. தினைப்புனம் காக்கப் பரண் ஏறியவர்களைக் குறிஞ்சித் திணைப் பாடல்கள் முழுக்கப் பார்க்கலாம். நற்றிணையின் 119ஆம் பாட்டில், புனத்துக்காரர் தினை தின்ன வரும் பன்றிக்கென்று பெரிய கல்லால் 'அடார்' என்ற பொறியை வைக்கிறார். அதில் மாட்டுவதோ புலி. பொறி வைத்தவர் நினைத்தது ஒன்று, அகப்பட்டது இன்னொன்று என்பதை அன்றைக்கே கவனித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லையாவது பகலில் வந்து பார்த்து ஒதுங்கிப் போகலாம்.

கம்பி எப்படிக் கொல்கிறது

மின்வேலி என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் குழப்பம் தீர வேண்டும்.

ஒன்று, சூரிய ஒளித் தகட்டிலோ பேட்டரியிலோ இயங்கும் துடிப்பு வேலி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை உண்டாக்கும். ஆனால் அது தொடர்ந்து பாயாது. நொடிக்கு ஒரு துடிப்பு என்ற அளவில், ஒவ்வொரு துடிப்பும் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே இருக்கும். அதில் உள்ள ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. தொட்டால் சுளீர் என்று அடிக்கும். அடுத்த துடிப்பு வருவதற்குள் கையை எடுத்துவிடலாம். இதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 302-2-76 என்ற தரக்குறியீடு இருக்கிறது.

இன்னொன்று, நம் பக்கத்தில் ஆளைக் கொல்வது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்தோ, மேலே போகும் லைனில் கொக்கி போட்டோ, 230 வோல்ட்டை நேராகக் கம்பியில் ஏற்றிவிடுவது. இது நொடிக்கு 100 முறை திசைமாறித் தொடர்ந்து பாயும் மின்சாரம். பட்ட இடத்தில் தசை இறுகிவிடும். விட நினைத்தாலும் விட முடியாது. வீடுகளில் பொருத்தும் உயிர்காப்பு சுவிட்சு, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுத்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் போனால் இதயம் தாங்காது என்பதால்தான் அந்தக் கணக்கு. அந்த சுவிட்சு மோட்டார் கொட்டகையில் இருந்தால் இந்த வேலியே நிற்காது. புல் பட்டாலே அறுந்துபோகும். ஆகவே அங்கே அது இருப்பதில்லை. ஈரமண், வெறுங்கால், முழங்காலுக்குக் கீழே கம்பி. இதில் பிழைப்பதுதான் அதிசயம்.

கட்டுக்கம்பி கிலோ கணக்கில் கடையில் கிடைக்கிறது. குச்சி வேலியோரத்தில் கிடைக்கிறது. 1990ஆம் ஆண்டிலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். அதைக் குறையாக நாம் சொல்லவில்லை. அந்த இலவசம் போராடிப் பெற்றது, அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட விவசாயிகள் உண்டு. ஆனால் அது தண்ணீர் இறைக்கக் கொடுத்த மின்சாரம். அதைக் கம்பியில் ஏற்றுகிறவருக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா செலவில்லை என்பதால், பாதுகாப்பான வேலிக்கு ஆகும் செலவு அவர் கண்ணுக்கு மலைபோல் தெரிகிறது.

இருட்டில் நடப்பவர்கள்

கம்பிக்குச் சாதி தெரியாது என்று நம்மிடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். வேலி போட்டவரே மறந்துபோய் அதில் விழுந்து இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். அவர் வீட்டுப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். ஆனால் யார் எந்த நேரத்தில் எந்த வழியாக நடக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது.

மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும். நிலத்துக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்; மடை திருப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிறார். தன்னைக் கூப்பிட்டவரின் காட்டில் கம்பி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் போய்ச் சேரக் கடக்க வேண்டிய மூன்று பேர் காட்டில் எங்கே கம்பி என்று யாரும் சொல்வதில்லை. முன்னாள் இல்லாத கம்பி இன்றைக்கு முளைத்திருக்கும்.

இன்னும் பல காலனிகளுக்குத் தார்ச்சாலை சுற்றிக்கொண்டுதான் வருகிறது. குறுக்கே போனால் கால் மணி நேரம், சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். குறுக்கு வழி யாரோ ஒருவருடைய பட்டா நிலத்து வரப்பு. சுடுகாட்டுக்குப் போவதும் அப்படித்தான். சுடுகாட்டுப் பாதை கேட்டுக் கொடுத்த மனுக்கள் தாலுகா அலுவலகங்களில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன என்று இந்தப் பகுதியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்னே ஒதுங்கப் போகும் பெண்கள். தொலைந்த ஆட்டைத் தேடிப் போகும் பெரியவர்கள். மழை பெய்த மறுநாள் நண்டும் மீனும் பிடிக்கப் போகும் பையன்கள். கழிப்பறை கட்டியாகிவிட்டது என்று பலகை வைத்திருக்கிறார்கள்; குழாயில் தண்ணீர் வராத கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஓர் ஆளும் உண்டு: கூலிக்குக் காவல் இருப்பவர். பன்றி வருகிறதா என்று பார்க்கப் போன இடத்தில், தான் காவல் இருக்கும் கம்பியில் தானே விழுகிறவர்.

பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியலின மக்கள் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 31 விழுக்காடு. மாநில சராசரியான 20 விழுக்காட்டைவிட மிகவும் அதிகம். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதியே தனித்தொகுதி. இங்கே வயல்வேலையில் ஏற்படும் எந்த ஆபத்தும் முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனாலும் கணக்கு வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்துச் சாவு அறிக்கையில் 'மின்சாரம் தாக்கி' என்று ஒரே தலைப்புத்தான். சுவிட்சைத் தொட்டு இறந்தவரும் சட்டவிரோத வேலியில் இறந்தவரும் அதற்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

வழக்கு என்ன ஆகிறது

சாவு நடந்த வீடுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி பார்ப்பது இதுதான். உடல் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. நிலத்துக்காரர் சார்பில் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். தெரியாமல் நடந்துவிட்டது, பன்றிக்குத்தானே போட்டது, நாளைக்கும் அந்தக் காட்டில்தானே வேலைக்குப் போக வேண்டும் என்பார்கள். இந்தக் கடைசிச் சொல்தான் எடை அதிகம் உள்ளது. ஒரு தொகை பேசப்படும். காரியச் செலவுக்கு முன்பணம் கைக்கு வரும். பிறகு புகாரில் எழுதப்படும் வாசகங்கள் மெல்ல மாறும். கம்பி சுருட்டப்பட்டிருக்கும், குச்சி பிடுங்கப்பட்ட குழி மட்டும் இருக்கும்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றினால் தொடுகிறவர் சாவார் என்று தெரிந்தே செய்வது கவனக்குறைவு ஆகாது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவில், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பதில் வர வேண்டியது. பத்தாண்டு வரையோ, ஆயுள் வரையோகூடத் தண்டனை உண்டு. 106ஆம் பிரிவில் பதிவு செய்தால் அது கவனக்குறைவால் நேர்ந்த சாவு, அதிகபட்சம் ஐந்தாண்டு. எந்த எண்ணைப் போடுகிறார்கள் என்பதில்தான் வழக்கின் தலையெழுத்து இருக்கிறது. உடலை இடம் மாற்றினால், கம்பியை அகற்றினால், அது சாட்சியத்தை மறைத்த தனிக் குற்றம், 238ஆம் பிரிவு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதில் வருமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு வேலிச் சாவையும் வன்கொடுமை என்று சொல்வது நமக்கே உதவாது. கம்பி கட்டியவர் யார் வருவார் என்று அறிந்து கட்டுவதில்லை. ஆனால் இறந்தவர் பட்டியலினத்தவர் என்று தெரிந்த பிறகு உடலை மறைப்பது, குடும்பத்தை மிரட்டுவது, புகார் கொடுத்ததற்காக வேலையை நிறுத்துவது, பாதையை அடைப்பது போன்றவை நடந்தால் அந்தச் சட்டத்தைத் தயங்காமல் கையில் எடுக்க வேண்டும். சமூகப் பொருளாதாரப் புறக்கணிப்பு 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாகக் குற்றமாக்கப்பட்டிருக்கிறது.

உடலை மறைப்பது கற்பனை அல்ல. பக்கத்து மாநிலத்தில் பாலக்காடு மாவட்டத்தில் 2022 மே மாதம், முட்டிகுளங்கரை காவலர் முகாமுக்குப் பின்னால் வயலில் இரண்டு போலீஸ்காரர்களின் உடல்கள் கிடந்தன. காட்டுப்பன்றிக்கு வைத்த மின்பொறியில் இறந்தவர்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்களை நிலத்துக்காரர் வயலிலேயே புதைத்துவிட்டார். 2025 ஜூனில் நிலம்பூர் பக்கம் வழிக்கடவில், மீன் பிடிக்கப் போன 15 வயது மாணவன் பன்றிப் பொறியில் மாட்டி இறந்தான். அப்போது அங்கே இடைத்தேர்தல் நேரம். அதனால் அந்தச் சாவு மாநிலமே பேசும் அரசியல் ஆனது. தேர்தல் இல்லாத நாளில் இறப்பவருக்கு அந்த வசதி கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் மின்வேலிக்கென்று விதி வந்த கதையும் சொல்லத் தக்கதே. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றியைத் தடுக்கப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பித்துத் தாயின் உடலருகே நின்ற படம் நாடு முழுவதும் போனது. அந்த ஆண்டே தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குபடுத்துதல்) விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலி போட முன் அனுமதி வேண்டும், பதிவு வேண்டும், தரக்குறியீடு உள்ள கருவிதான் வேண்டும். நல்ல விதிகள். யானைக்காக நாமும் வருந்தினோம். ஆனால் யானை இறக்கும் வரை இந்தக் கம்பியில் இறந்துகொண்டிருந்த மனிதர்களுக்காக இப்படி ஒரு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து கிலோமீட்டர் என்ற எல்லையும் யானையை, காட்டை மனதில் வைத்துப் போட்டதுதான். மலையை விட்டுத் தள்ளி, வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம் கரும்புக்காட்டில் ஓடும் கம்பிக்கு என்ன பதிவு?

மின்வாரியம் தன் பங்குக்கு, மின்சாரம் திருடப்பட்டது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. இந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியிலேயே தள்ளிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு தொழிலாளி, சாலையில் கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்த வழக்கு அது. யாரோ ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குத் திருட்டுத்தனமாக இழுத்த கம்பி என்றது அந்த மாநில மின்வாரியம். ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்கு, பிறர் திருடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு. தவறு இருந்ததா என்று கேட்காமலே இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டவிரோத வேலியில் இறந்தவரின் குடும்பத்துக்காக வாதிடும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இது. காட்டுப்பன்றி முட்டி ஒருவர் இறந்தால் வனத்துறை நிவாரணம் தருகிறது. அதே பன்றிக்காகக் கட்டிய கம்பியில் இறந்தால் அது வனவிலங்குத் தாக்குதல் இல்லை என்கிறார்கள். அந்தக் குடும்பம் போக மிஞ்சியிருக்கும் ஒரே கதவு நீதிமன்றம்தான்.

பட்டா இல்லாதவரின் பயிர்

இதுவரை இறப்பவரைப் பற்றிப் பேசினோம். கம்பி கட்டுகிறவர் பக்கத்திலும் தலித் மக்கள் உண்டு. அதைப் பேசாமல் விட்டால் பாதிக் கதைதான்.

பட்டியலினக் குடும்பங்களில் சொந்த நிலம் உள்ளவர்கள் குறைவு. இருப்பவர்களின் நிலமும் பெரும்பாலும் மலையோரம், ஏரிப் புறம்போக்கோரம், தண்ணீர் வராத மேடு. பன்றி முதலில் இறங்குவதும் அங்கேதான். நிலம் இல்லாதவர்கள் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துச் செய்கிறார்கள். குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, விதை, உரத்துக்கு வட்டிக்கு வாங்கி, மக்காச்சோளம் போடுகிறார்கள். ஒரு ராத்திரியில் பன்றி மேய்ந்துவிட்டால் நிலத்துக்காரருக்கு நட்டமில்லை; குத்தகை வந்துவிட்டது. நட்டம் முழுவதும் பயிர் வைத்தவருடையது.

அவர் நிவாரணம் கேட்டுப் போனால் முதல் கேள்வி பட்டா எங்கே என்பது. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் அவர் பெயர் இருக்காது. 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இந்த மாநிலத்தில் வந்துவிட்டது. 1955இலேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாய்ப்பேச்சில் விடும் குத்தகையை எந்த நிலத்துக்காரர் பதிவு செய்ய விடுவார்? பெயர் ஏறினால் உரிமை கேட்பான் என்ற பயம். அடுத்த ஆண்டு குத்தகை வேண்டும் என்றால் இவரும் வாயைத் திறக்க மாட்டார்.

சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியத் திட்டங்களில் 20 விழுக்காடு கூடுதலாகத் தருவதாக அறிவித்தார்கள். வரவேற்றோம். ஆனால் சிறு, குறு விவசாயி என்று சான்று வாங்க நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். பிஎம் கிசான் பணமும் 2019இலிருந்து நில உரிமையாளருக்குத்தான் போகிறது. பயிர்க் காப்பீட்டில் காட்டு விலங்குச் சேதத்தையும் 2026 காரிப் பருவத்திலிருந்து சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. குத்தகை விவசாயியும் காப்பீட்டில் சேரலாம்தான். ஆனால் குத்தகைக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

ஆக, பாதுகாப்பான வேலிக்குப் பட்டா வேண்டும். நிவாரணத்துக்குப் பட்டா வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுக்கப் பட்டா தேவையில்லை. இந்த நிலையில் வாரத்துக்கு ஓட்டும் ஒரு தலித் விவசாயி கம்பி கட்டி, அதில் தன் தெருக்காரரே விழுந்து இறந்தால், சிறைக்குப் போவது அவர். நிலத்துக்காரர் சாட்சியாகக்கூட வரமாட்டார். நிலமும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றனவோ அவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வனத்துறை அமைச்சர் ஓர் அறிவிப்பைச் செய்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் 2022இலிருந்து ஊராட்சித் தலைவர்களே சுட உத்தரவிட முடிகிறது. நம் மாநிலத்து ஏற்பாட்டில் மலையை ஒட்டிய முதல் கிலோமீட்டர்க்காரருக்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த முதல் கிலோமீட்டரில் இருப்பவர்களில் மலையாளிப் பழங்குடிகளும் காலனிக்காரர்களும் எத்தனை பேர் என்று யாராவது நிலவரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்களா?

அந்த முதல் கிலோமீட்டரிலாவது தனித்தனியாக ஆளுக்கொரு வேலி என்பதை விட்டு, இருபது, முப்பது காட்டைச் சேர்த்து வளைக்கும் துடிப்பு வேலியை அரசே போடலாம். பட்டா கேட்கத் தேவையில்லை. பரப்புக்குப் போடுவது அது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: துடிப்பு வேலி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும் சமாச்சாரம் இல்லை. பன்றி தாழ்வாக வருவதால் கீழ்க்கம்பி தரையிலிருந்து அரை அடி, முக்கால் அடிக்குள் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு கோரையும் அருகும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அடி குறைந்துவிடும். வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். பேட்டரியைப் பார்க்க வேண்டும். மானியத்தில் போட்ட வேலி பராமரிப்பில்லாமல் செத்துப்போய், அதே கம்பியில் மெயின் லைனைக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. நூறு நாள் வேலைக்குப் பெயர்போன நம் பெண்களுக்குக் கூலி கொடுத்து அந்தச் செதுக்கு வேலையைத் தரலாமே.

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. பன்றியைப் பற்றி அங்கே பேசாத விவசாயச் சங்கம் இல்லை. கம்பியில் விழும் தொழிலாளிக்காகப் பேச அங்கே ஒரு நாற்காலி இல்லை. அவரைப் பற்றிப் பேச வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது: வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு. பட்டியலினத்தவர் மின்வேலியில் இறந்த ஒவ்வொரு வழக்கும் எந்தப் பிரிவில் பதிவானது, என்ன நிலையில் இருக்கிறது என்று அந்தக் குழுவின் முன் வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். சோளம் கதிர் வாங்குவதற்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில், மின்வாரியமும் வருவாய்த் துறையும் சேர்ந்து கொட்டகை கொட்டகையாகப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஆள் இறந்த பிறகு வந்து ஃபியூஸைப் பிடுங்குவது ஆய்வு இல்லை.

தெருக்காரர்களுக்குச் சில வார்த்தை. காட்டில் கம்பி ஓடுவது தெரிந்தால் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள்; மின்கம்ப எண்ணைக் குறித்துச் சொன்னால் இடம் கண்டுபிடிப்பது எளிது. யாராவது சிக்கியிருந்தால் தொட்டு இழுக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த சாவுகள் உண்டு. முதலில் மோட்டார் கொட்டகையில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் கம்பியைத் தள்ள வேண்டும். இறந்துவிட்டார் என்றால் உடலை நகர்த்த யாரையும் விடக் கூடாது. கம்பி, குச்சி, ஸ்டார்ட்டர் பெட்டி மூன்றையும் செல்போனில் படம் எடுத்துவிட வேண்டும். புகாரை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் நிலம் யார் பெயரில், இணைப்பு யார் பெயரில், அன்றைக்கு யார் வேலைக்குக் கூப்பிட்டார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டியது காவல் நிலையத்தின் கடமை. எந்தப் பிரிவு எண் போட்டிருக்கிறது என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு, 106 என்று இருந்தால் ஏன் 105 இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். பணம் பேச வருகிறவர்கள் பிரேதப் பரிசோதனை முடியும் வரை காத்திருக்கட்டும்.